நாடாக் கண்ணின் ஈரம்

உமாபதியின் வீட்டில் விடிந்ததும் முதலில் கேட்பது தறியின் சத்தம் அல்ல. அதற்கு முன்னால் ஒரு சின்ன உறிஞ்சல். பட்டு நூல் சுற்றிய தார்க்குச்சியை நாடாவுக்குள், அந்தச் சின்னப் படகு மாதிரியான மரக்கட்டைக்குள், பொருத்தி, நாடாவின் விலாவில் இருக்கும் துளையில் உதட்டை வைத்து, மூச்சை ஒரே இழுப்பாக உள்ளே இழுக்க வேண்டும். நூலின் முனை ஓடி வந்து நாக்கில் படும். அதன் பிறகுதான் நாடா, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குள் இடமும் வலமும் பறக்க முடியும். அந்தத் துளையை நாடாக் கண் என்று அந்த வீட்டில் சொல்வார்கள். தார் தீரும்போதெல்லாம் உமாபதி அந்தக் கண்ணின்மேல் குனிவான். தூங்குகிற குழந்தையின் நெற்றியில் வாய் வைப்பவனைப்போல.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பிள்ளையார்பாளையத்தில் பிறந்து, பத்தாவது முடித்த கோடையில் தறிக்குழிக்குள் காலை விட்டவன். அதன் பிறகு உலகத்தைப் பெரும்பாலும் அங்கிருந்துதான் பார்த்திருக்கிறான்: இடுப்புவரை தரைக்குள், மிச்சம் வெளியே. வீட்டுக்கு வருகிறவர்களின் முகத்துக்கு முன்னால் அவர்களுடைய பாதங்கள் அவனுக்குத் தெரிந்துவிடும். மீட்டர் பார்க்க வருகிறவரின் வெடித்த குதிகால், இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் அக்கா காந்தாவின் தளர்ந்த மெட்டி, மகள் அரசியின் நுனிக்கால் ஓட்டம். பேச்சு குறைவு. தறியின் மறுபக்கம் உட்கார்ந்து சேலைக் கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்கும் மனைவி சங்கரியிடம்கூட, சரி என்றால் ஒரு தலையசைப்பு, வேண்டாம் என்றால் ஒரு இருமல். இருமலிலேயே குடும்பம் நடத்துகிறவன் என்று காந்தா கிண்டல் செய்வாள்.

நெஞ்சுக்குழிக்குக் கீழே அவனுக்கு எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு. அவன் அப்பா கந்தனுக்கும் இருந்தது. குழிக்குள் மடங்கி உட்காருகிறோம், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, தறிக்காரன் வயிறு அப்படித்தான் இருக்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். உமாபதியும் அப்படியே எடுத்துக்கொண்டான். எரிந்தால் மோர் குடிப்பான். அதற்கும் அடங்காவிட்டால் கடையில் ஒரு மாத்திரை.

ஆகவே ஒன்பது வயது அரசி வயிறு வலிக்கிறது என்று முதல்முறை சொன்னபோது, "சாப்ட்டுட்டு வெளாடு, சரியாப் பூடும்" என்றான்.

மங்கையர்க்கரசி என்பது பள்ளிக்கூடப் பெயர். வீட்டில் அரசி. அவளைத் தறியில் ஏற்றுவதில்லை என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் இரண்டு பேச்சு இருந்ததில்லை. பாவு நூலை அவள் விரல் தொட்டாலே சங்கரி அதட்டுவாள். விட்டுவைத்திருந்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடம் கிளம்பும் முன், தலை பின்னி முடிந்த கையோடு ஓடிவந்து குழியின் ஓரத்தில் குந்திக்கொண்டு, அன்றைய முதல் நாடாவை உறிஞ்சிக் கொடுப்பாள். நாலு வயதில் விளையாட்டாக ஆரம்பித்தது. கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொள்ள, கண்ணை அகல விரித்து, சர்ரென்று ஒரே இழுப்பு. நூல் வந்ததும் முனையைப் பல்லில் கடித்தபடியே சிரிப்பாள். உமாபதி வாங்கி, பழக்கத்தால் தானும் ஒருமுறை வாய் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு நாடாவை ஓட விடுவான். "நீ இழுத்துக் குடுத்தா அந்தத் தார் தீர்ற வரைக்கும் நூலு அறுவறதே இல்ல" என்று ஒருநாள் சொல்லிவிட்டான். அவ்வளவு நீளமாக அவன் யாரையும் பாராட்டியதில்லை. அன்றிலிருந்து காய்ச்சலடித்தாலும் அவள் வந்துவிடுவாள்.

அந்த ஓட்டம் நடையானதை அவன்தான் முதலில் பார்த்தான். கூடத்துக்குள் வரும் பாதங்கள் மெதுவாக வந்தன. நகங்கள் வெளுத்திருந்தன. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றை ஓரம் ஒதுக்கி வழி உண்டாக்குவாள், வாயில் வைக்கமாட்டாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு நிற்கும்போது விழுந்துவிட்டாள். அப்போதுதான் மருத்துவர் சுகாசினியிடம் போனார்கள்.

சுகாசினி குழந்தைகளுக்கான வயிற்று மருத்துவர். தாமல் பக்கத்துக்காரர். ரத்தப் பரிசோதனை, பிறகு வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக முடிந்தபின், பெற்றவர்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். சிறுகுடல் ஆரம்பிக்கிற இடத்தில் புண். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போயிருக்கிறது. காரணம் ஹெலிகோபாக்டர் என்றொரு கிருமி. வயிற்று அமிலத்திலேயே குடித்தனம் நடத்தக்கூடியது.

"ரெண்டு விதமான ஆன்டிபயாடிக். கூட அமிலத்த கம்மி பண்ற மருந்து. ரெண்டு வாரம். நடுவுல ஒருவேள கூட விடக்கூடாது."

"அந்தக் கிருமி மட்டும்தான மேடம் சாவும்?" என்று சங்கரி கேட்டாள்.

மருத்துவர் மேசைமேல் இருந்த பொம்மைக் குடலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"அப்பிடி ஆள் பாத்து அடிக்கற மருந்து இல்லம்மா. எங்க ஊரு ஏரியப் பாத்திருப்பீங்க. ஆகாயத்தாமரை மூடிக்கிச்சின்னு எவனாவது மருந்தடிச்சான்னா, கொடியும் கருகும், மீனும் மிதக்கும். கொழந்தையோட குடல்ல நல்லது பண்ற பாக்டீரியா கோடிக்கணக்குல இருக்குது. சோறு செரிக்க, கெட்டது நொழையாம பாத்துக்க. அதுங்களும் அடி வாங்கும். பேதி ஆவலாம், வாய் கசக்கலாம். பயந்துகினு நிறுத்திடாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க."

"அதுங்க திரும்ப வந்துருங்களா?"

"பெரும்பாலும் வந்துரும். ஒண்ணு ரெண்டு மாசம் ஆவலாம், சில கொழந்தைக்குக் கொஞ்சம் கூடவே ஆவலாம். இன்ன தேதிக்குன்னு என்னால சொல்ல முடியாது."

உமாபதி அந்தக் கடைசி வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சேலை இன்ன முகூர்த்தத்துக்கு வேண்டும் என்றால் இன்ன நாளில் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிடுகிறவன் அவன். மகளின் வயிறு எப்போது திரும்பும் என்று தேதி கேட்க முடியாது என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது.

சங்கரி வீட்டை இரண்டாகப் பிரித்தாள். அரசிக்குப் பெயர் வெட்டிய தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சொம்பு. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி மூடி வைத்தாள். கை கழுவாமல் யாரும் அடுக்களைக்குள் வர முடியாது. காந்தா ஒருநாள் தெரியாமல் அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்துவிட, அதைப் பிடுங்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

"இன்னாடி, எனக்கே மடி ஆசாரம் காட்ற?" என்றாள் காந்தா.

"மடி இல்ல அண்ணி. கிருமி."

"உன் நாத்தனார விட கிருமி பெருசாப் போச்சி."

மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாளே அரசி வந்து சொன்னாள். "அப்பா, வாய்க்குள்ள பூட்டு சாவி வெச்சிக்கினு இருக்கற மாரி இருக்குதுப்பா. தண்ணி குடிச்சாக்கூட."

"அப்பிடியெல்லாம் இருக்காது. நீயா நெனச்சிக்கற."

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு பேதி ஆரம்பித்தது. மருத்துவர் போனில் சொன்னபடி உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். மாத்திரையை நிறுத்தவில்லை. ஒருநாள் வகுப்பிலிருந்து எழுந்து ஓடியவள் கழிப்பறை வரை போய்ச் சேரவில்லை. சங்கரி போய்த் ஒரு துண்டைச் சுற்றி அழைத்துவந்தாள். கூடத்தைக் கடந்தபோது உமாபதிக்கு அவள் பாதங்கள் தெரிந்தன. நடைக்கு நடுவே விரல்கள் தரையைப் பிடித்துப் பிடித்து வந்தன. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். ஒரு இருமல்கூட வரவில்லை.

ஆனால் மறுநாள் காலை அவள் குழியோரம் வந்து குந்தினாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், இட்லியில் பாதியைக்கூடத் தின்னாமல், வந்து கையை நீட்டினாள். நாடாவைக் கொடுத்தான். சர்ரென்று இழுத்தாள். எல்லாம் போனாலும் இது ஒன்றை விடவில்லை என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. மருந்து சாப்பிட்ட அத்தனை நாளும் அவள் வந்தாள். அத்தனை நாளும் அவன் அதில் ஆறுதல் தேடிக்கொண்டான்.

மாத்திரைகள் முடிந்தன. வயிறு முடியவில்லை. வலி போய்விட்டது, அது உண்மை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பால் ஒத்துக்கொள்ளவில்லை. பருப்பு போட்டால் வயிறு உப்பி, தொட்டால் மத்தளம்போல இருந்தது. இன்று கெட்டியாக, நாளை தண்ணீராக. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுதாள். காந்தா பழைய சோற்றுத் தண்ணீரில் உப்பும் மோரும் கலந்து தினமும் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுல இருக்கற நல்ல பூச்சிங்கள விடவா உங்க டாக்டரம்மா பெரிய பூச்சிய குடுத்துடப் போறாங்க? குடிடி."

கொடுக்கலாமா என்று சங்கரி போனில் கேட்டாள். சுத்தமாக இருந்தால் கொடுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அதையே மருந்தென்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள் என்றார் மருத்துவர். காந்தாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னாள் சங்கரி.

அந்த நாட்களில் ஒருமுறை உமாபதி பஸ் ஏறித் தாமலுக்குப் போனான். வீட்டில் ஜரிகை விஷயமாக என்று சொல்லியிருந்தான். ஏரிக்கரைமேல் ஏறி நின்றான். கோடைத் தண்ணீர், நடுவில் சுருங்கிக் கிடந்தது. நீர்க்காகங்கள் முங்கி எழுந்தன. மேலே வெயில் மட்டும்தான் தெரிந்தது. உள்ளே எது இருக்கிறது, எது போய்விட்டது என்று கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் புரியாது. பாவில் ஓர் இழை அறுந்தால் அவன் விரலுக்குத் தெரிந்துவிடும். எடுத்து முடிச்சிட்டுவிடுவான். இங்கே எந்த இழை அறுந்தது என்றே தெரியவில்லை.

வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னாபா தேடற?" என்றார்.

"மீன் இருக்குதாங்க?"

"இருக்குது. முன்ன மாரி எல்லா ஜாதியும் இல்ல."

உமாபதி தலையை ஆட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான்.

பசி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரசி ஒரு தோசையைத் தின்று முடித்துத் தட்டை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள். சங்கரி தட்டை எடுக்கக் கை நீட்டியபோது, "இன்னொண்ணு" என்றாள். சங்கரி மாவுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு இன்னும் ஒன்று. கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உமாபதி, தறி ஓட்டாமல் வெறுமனே மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் பாதங்கள் கூடத்தை ஓடிக் கடந்தன. பருப்பும் ஒத்துக்கொண்டது. நகங்களில் மெல்ல ரோஜா நிறம் ஏறியது.

கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு மருத்துவர் நாள் கொடுத்திருந்தார். ஒரு பையில் மூச்சை ஊத வேண்டும். அரசி சிரித்துக்கொண்டே ஊதினாள். உறிஞ்சத் தெரியும், ஊதவும் தெரியும் என்று பெருமையடித்தாள்.

"இன்னும் இருக்குது" என்றார் சுகாசினி.

அரசியை வெளியே மீன்தொட்டி பார்க்க அனுப்பியிருந்தார்கள். சங்கரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எதிர்பாராமல் உமாபதி பேசினான்.

"மறுபடியும் மொதல்லேந்தா மேடம்?"

"வேற மருந்து. அதே ரெண்டு வாரம்."

"அந்த மீனுங்க?"

மருத்துவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் மாறியது.

"மறுபடியும் அடி வாங்கும். மொத அடியிலேந்து இப்பதான் எழுந்திரிக்குது. அதனாலதான் நானும் அவசரப்படல. வலி இல்ல, ரத்தம் ஏறிக்கினு வருது. கொஞ்ச நாள் அது தேறட்டும். ஆனா புண்ணு வந்த கொழந்த, அப்பிடியே விட்டுடவும் முடியாது." அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டாந்தடவ குடுக்கறதுக்கு முன்ன ஒண்ணு தெரியணும். மருந்துக்கு அது மசியலியா, இல்ல போயிட்டு மறுபடி வந்துச்சா. வீட்ல வாய்க்கு வாய் போற மாரி ஏதாவது இருக்குதா? ஒரே டம்ளர், எச்சில் ஸ்பூன், கடிச்சிக் குடுக்கறது?"

"எதுவும் இல்ல மேடம்" என்றாள் சங்கரி. "அவளுக்கு எல்லாமே தனி."

உமாபதியும் தலையசைத்தான். மனதார அசைத்தான்.

"சரி. நீங்க ரெண்டு பேரும் ஒரு டெஸ்ட் குடுத்துடுங்க."

மறுநாள் காலை. அரசி தலை பின்னி, ரிப்பனோடு வந்து குந்தினாள். உமாபதி நாடாவை நீட்டினான். உதட்டைக் குவித்தாள், கன்னம் ஒட்டியது, சர்ரென்று நூல் வந்தது. முனையைப் பல்லில் கடித்தபடி நாடாவைத் திருப்பிக் கொடுத்தாள். வாங்கிய கை வாய்வரை போய் நின்றுவிட்டது.

நாடாக் கண்ணைச் சுற்றி ஒரு சின்ன ஈரம். வட்டமாக. சன்னல் வெளிச்சத்தில் மின்னியது.

அந்த நாடா அவன் அப்பா வைத்திருந்தது. துளையைச் சுற்றி மட்டும் மரம் கறுத்து வழவழத்திருந்தது. எண்ணெயால் அல்ல. அப்பாவின் உதடு, அவன் உதடு, இவள் உதடு. முந்தின நாள் முழுக்க அவன் எச்சில் பட்ட துளையில்தான் ஒவ்வொரு காலையும் அவள் முதல் மூச்சை இழுத்தாள். தட்டு தனி, டம்ளர் தனி, சொம்பு தனி. இது மட்டும் யாருக்கும் பாத்திரமாகத் தெரியவில்லை. இதை அவர்கள் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாப்பா, நூலு வரலியா?"

"வந்துச்சி." அவன் துளையைக் கட்டைவிரலால் துடைத்தான். "நாளைலேந்து வேணாம் அரசி."

"ஏன்?"

"வேணாம்."

"நான் நல்லாத்தான இழுத்தேன்? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

அவள் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். மறுபக்கம் சங்கரி தன் நாடாவைக் கீழே வைத்திருந்தாள். அவள் கண்கள் அவன் கையில் இருந்ததையே பார்த்தன. சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

"டம்ளரத் தேச்சித் தேச்சி என் கை புண்ணாச்சி" என்றாள் கடைசியில், மெதுவாக. "தெனம் காலைல என் கண்ணு முன்னாலதான..."

காந்தா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு நொடித்துக்கொண்டாள். "இந்தத் தெருவுல எத்தினி வாயி நாடாவ உறிஞ்சியிருக்குது. எல்லாரும் செத்தா பூட்டாங்க?"

"பூடல. எல்லாருக்கும் வயிறு எரிஞ்சிது இல்லக்கா?" என்றான் உமாபதி.

காந்தாவின் கை தன் முந்தானை முடிச்சைத் தொட்டது. அதில் எரிச்சலுக்கான மாத்திரை எப்போதும் இருக்கும் என்பது அந்த வீட்டுக்கே தெரியும்.

நாடாவை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவன் தனியாக மருத்துவரிடம் போனான். பரிசோதனை முடிவுகளும் வந்திருந்தன. சங்கரிக்கு இல்லை. அவனுக்கு இருந்தது. துணியைப் பிரித்து மேசைமேல் வைத்து, எப்படி என்று செய்து காட்டினான். மருத்துவர் அந்தக் கறுத்த வளையத்தை விரலால் தொடப்போய்த் தொடாமல் பார்த்தார்.

"எங்கிட்டேந்துதான் போச்சா மேடம்?"

"இருக்கலாம். மொதல்ல எப்பிடி வந்திச்சின்னோ, இப்ப போயிட்டுத் திரும்புச்சா, போவவே இல்லியான்னோ என்னால அடிச்சி சொல்ல முடியாதுங்க. அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாவும் இருக்கலாம். ஆனா இது நிக்கணும். நீங்க மொதல்ல வைத்தியம் பண்ணிக்கங்க. அதுக்கப்புறம் அவளுக்கு ஆரம்பிக்கலாம்."

ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பான். இருக்கலாம் என்பதை எந்தத் தோளில் வைப்பது என்று தெரியவில்லை. நாடாவைத் திரும்பத் துணியில் சுற்றினான்.

பெரியவர்களுக்கான மருந்தை அவனுக்கு வேறொரு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட இரண்டாம் நாள் காபி குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரை இறக்கிவிட்டான். நாக்கில் இரும்பு. தண்ணீர் குடித்தான், இரும்பு. சோற்றில் இரும்பு. எச்சிலை விழுங்கினால் அதிலும் அதே துரு. தறிக்குழிக்குள் உட்கார்ந்திருக்கும்போது வயிறு புரண்டது. சேலையை அப்படியே விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினான். ஒருநாளில் பலமுறை ஓடினான். காலில் பலமில்லை. சங்கரி தன் பக்கம் கைகட்டிக்கொண்டு காத்திருப்பாள். தன் வீட்டுக்குள்ளேயே, பெண்டாட்டி முன்னால் ஓடுவதற்கே இவ்வளவு கூச்சமாக இருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அரசி, அவன் சுவரில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து நின்றாள். நாடா விஷயத்துக்குப் பிறகு அவள் அவனிடம் அதிகம் பேசுவதில்லை. காரணத்தைச் சங்கரி எடுத்துச் சொல்லியிருந்தாள்தான். புரிந்தும் கோபம் தீரவில்லை.

"அரசி. உனக்கும் இப்பிடித்தான் இருந்திச்சா? வாயில?"

"பூட்டு சாவி மாரி."

"ஆமா."

"அப்பவே சொன்னனே." அவள் பையைக் கழற்றினாள். "நீதான் அப்பிடியெல்லாம் இருக்காதுன்ன."

அவள் குரலில் குத்தல்கூட இல்லை. நடந்ததைச் சொல்கிறவளின் குரல். சிறிது நேரம் கழித்து அடுக்களைக்குப் போய், ஒரு சின்னக் கல்கண்டைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இத ஒதட்டுக்குள்ள ஒதுக்கி வெச்சிக்கோ. கொஞ்ச நேரம் தெரியாது."

அவன் மருந்து முடிந்தது. அவனுக்கும் மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. எத்தனையோ வருடத்து எரிச்சல் அடங்கியிருந்தது. அது இல்லாத இடம் அவனுக்கு வெறுமையாக இருந்தது. ஒரு பல்லைப் பிடுங்கிய பிறகு நாக்கு போய்ப் போய்ப் பார்க்குமே, அப்படி. அரசி இரண்டு சுற்றுப் பெருத்திருந்தாள். அவளுக்கு மறுபடி எடுத்த பரிசோதனையில் கிருமி அப்படியேதான் இருந்தது. அரைப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டதும் ஆரம்பிக்கலாம், பாதி நாளாவது வகுப்பிலிருந்து ஓட வேண்டியிருக்காது என்றார் மருத்துவர்.

ஆரம்பிக்கும் நாள் காலையில் சங்கரி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. மாத்திரைகளை உமாபதிதான் பிரித்தான். அரசி முதல் தோசை, இரண்டாவது தோசை, மூன்றாவது தோசை என்று நிதானமாகத் தின்றாள். நாளையிலிருந்து எது ருசிக்கும் என்று தெரியாதவளின் சாப்பாடு அது.

"அப்பா."

"உம்."

"திரும்பப் பசி பூடுமா?"

அப்படியெல்லாம் இருக்காது என்று நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினான்.

"போவும்" என்றான்.

"திரும்ப வருமா?"

"போன தடவ வந்துச்சி இல்ல."

"லேட்டா வந்துச்சி."

"லேட்டாத்தான் வந்துச்சி."

அவள் யோசித்தாள். பிறகு கையை நீட்டினாள். மாத்திரையை வாங்கி, பெயர் வெட்டிய டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கண்ணை மூடி விழுங்கினாள்.

உமாபதி தறிக்குழிக்குள் இறங்கினான். நாடா புதியது. பழையதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தான். எறிய மனம் வரவில்லை, எடுக்கவும் கை வரவில்லை. நூலை எடுக்க, நுனி வளைத்த ஒரு மெல்லிய கம்பியை வைத்திருந்தான். கம்பியைத் துளைக்குள் விட்டுத் துழாவி நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே எடுக்க வேண்டும். பட்டு வழுக்கும். ஒரு மூச்சில் முடிகிற வேலைக்கு ஒரு பாட்டு முடிகிற நேரம் ஆனது. மறுபக்கம் வந்து உட்கார்ந்த சங்கரி தன் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கம்பி நூலைத் தொட்டது, நழுவியது. மறுபடி தொட்டது. அவன் நிமிர்ந்தபோது கதவோரம் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அரசி உள்ளே வரவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, கன்னங்கள் ஒட்ட, வெறும் காற்றை உள்ளே இழுத்தாள்.